நான் பார்க்காத நூறு

போன மாதம் கோத்தகிரிக்குப் போயிருந்தபோது அம்மா பரணை ஒழித்துக்கொண்டிருந்தார். மறுநாள் வெள்ளையடிக்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தாராம். உடைந்த குடைகள், அப்பாவின் கம்பளிக் கோட்டு, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற பழைய படங்கு, இவை எல்லாவற்றுக்கும் பின்னால் தாத்தாவின் தகரப் பெட்டி. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது தாத்தா சுமந்து வந்த பெட்டி அது. அதற்குள் என் பி.எஸ்ஸி. வேதியியல் ரெக்கார்டு நோட்டுகள் இருந்தன.

"பழைய பேப்பர்காரர்கிட்டப் போட்டுடவா, புள்ள?" என்றார் அம்மா.

"கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து புரட்டினேன். பிரவுன் அட்டை, அதன்மேல் லேபிள், ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சிவப்பு மையில் கையெழுத்து. இரண்டாம் வருஷ நோட்டில் தெர்மாமீட்டர் சரிபார்க்கும் சோதனை. உருகும் பனிக்கட்டி: 0. கொதிக்கும் நீர்: 100. பக்கத்தில் ஒரு டிக்.

அந்த நூறை நான் பார்த்ததே இல்லை. இருந்தும் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

ரெக்கார்டு நோட்டுக்குள்ளேயே ஆய்வகத்தில் வைத்துக் கிறுக்குகிற அப்சர்வேஷன் நோட்டும் செருகியிருந்தது. அதே தேதியில் பென்சிலால் 92.5 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். இரண்டாவது கோடு காகிதத்தைக் கிழித்திருந்தது. கோபத்தில் போட்டது போல.

சரி, அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். சொல்லப்போவதில் கொஞ்சம் குறையும் கலந்திருக்கிறது. ஊட்டியில் ஒரு கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2008-இல் சேர்ந்தேன். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் இருட்டில் நடந்து வந்து பஸ் பிடிக்க வேண்டும். கட்டபெட்டு தாண்டும்போது விடியும். தொட்டபெட்டா பிரிவு வரும்போது ஜன்னல் கண்ணாடியில் ஒன்றுமே தெரியாது, அவ்வளவு மூடுபனி. பிளஸ் டூ வரை தமிழ் வழி. கல்லூரியில் முதல் வாரம் ஒரு மேடம் "ஹைட்ராலிசிஸ்" என்றார். எனக்கு ஏதோ சிறுநீரக வைத்தியம் போலக் கேட்டது. பக்கத்திலிருந்தவளிடம் "டயாலிசிஸா?" என்று கேட்டு இரண்டு பேரும் வெளியே நின்றோம். பிறகுதான் தெரிந்தது, அது நம்ம நீராற்பகுப்பு. நீரால் பகுப்பு. என்ன நடக்கிறது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறதே! வீழ்படிவும் அப்படித்தான்: விழுந்து படிகிறது. முதல் வருஷம் முழுக்க ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத் தமிழைப் பென்சிலால் எழுதிவைத்துத்தான் ஓட்டினேன். இதைச் சொல்லிப் பெருமைப்படவில்லை. அலைடு கணிதத்தில் ஒரு அரியர் வைத்தவள் நான்.

ஆய்வகம் மட்டும் பிடித்துப்போனது. அதற்குக் காரணம் ஒரு பாட்டில்.

முதல் வருஷம், ஜனவரி. வெளியே புல்வெளி முழுக்க உறைபனி, உப்பு தூவினது மாதிரி. அலமாரியிலிருந்து கிளேசியல் அசிட்டிக் ஆசிட் பாட்டிலை எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்துக் குடுவைக்கு மேல் சாய்த்தேன். ஒன்றும் விழவில்லை. இன்னும் சாய்த்தேன். தலைகீழாகவே கவிழ்த்தேன். ஒரு சொட்டு இல்லை. உள்ளே வெள்ளையாக, ஊசி ஊசியாகக் கோத்துக்கொண்டு ஏதோ நிற்கிறது. நேராக லேப் அண்ணனிடம் போய் "அண்ணா, ஆசிட் கெட்டுப்போச்சு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்ல தேங்கா எண்ணெ பாட்டில எங்க வெப்பீங்க?" என்று கேட்டார்.

"அடுப்புப் பக்கத்துல."

"அப்ப இதையும் வெந்நீர்ல வை, போ."

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். மலையில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைக்க விரலால் தோண்டித்தான் எடுப்போம். தூய அசிட்டிக் அமிலம் உறைவது 16.6 டிகிரியில். கோவையிலோ மதுரையிலோ படிக்கிற பிள்ளைக்கு அது எப்போதும் தண்ணீர் போல ஓடுகிற திரவம்தான். கிளேசியல் என்றால் பனிப்பாறை போன்றது என்று பொருள். அந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்துகொள்ளும். எங்களுக்கோ அது அலமாரியிலேயே பனிக்கட்டியாக உட்கார்ந்திருந்தது. வெந்நீர் வாளியில் வைத்ததும் ஓரங்கள் முதலில் இளகி, நடுவில் இருந்த கட்டி கழன்று மிதந்தது. மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. புளித்த நெடி மூக்கில் ஏறி, அன்று மதியம் சாப்பாட்டில் ஊறுகாயைத் தொடவே முடியவில்லை.

இப்படி எங்கள் குளிர் பல இடங்களில் உதவியும் செய்தது. சூடான கரைசலிலிருந்து பென்சாயிக் அமிலத்தைப் படிகமாக்க வேண்டுமா, பீக்கரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தால் போதும். ஐஸ் கேட்டு யாரிடமும் நிற்க வேண்டாம்.

இனி அந்த 92.5-க்கு வருகிறேன்.

இரண்டாம் வருஷம். தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். உடைத்த பனிக்கட்டியில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது. கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் பிடித்தால் நூறு காட்ட வேண்டும். குடுவையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பாதரசம் ஏறுகிறது. எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்து அப்படியே நின்றுவிட்டது. பர்னரைக் கூட்டினேன். கொதி இன்னும் பொங்கியது, பாதரசம் அசையவில்லை. என் பார்ட்னர் குனிந்து பார்த்துவிட்டு "92.5" என்றாள்.

வேறு தெர்மாமீட்டர் வாங்கி வந்தோம். 92.5. மூன்றாவதையும் பிடித்துப் பார்த்தோம். 92.4 என்றாள் அவள், 92.5 என்றேன் நான். பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை போட்டோமே ஒழிய மீதி ஏழரை டிகிரி எங்கே போனது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

சாரிடம் காட்டினோம். தற்காலிகமாக வேலை பார்த்தவர். நாற்பது ரெக்கார்டு கையெழுத்துக்காக மேசையில் குவிந்து கிடந்தது. "தெர்மாமீட்டர்ல ஏதோ கோளாறு. நூறுன்னு எழுதிட்டு வா" என்றார்.

"சார், மூணுலயும் அப்படித்தான் காட்டுது."

"மூணும் ஒரே கடையில வாங்கினதா இருக்கும். இங்க பாரும்மா, வெளியிலருந்து வர்ற எக்ஸ்டர்னல் நூறத்தான் தேடுவார். உனக்கு மார்க் வேணுமா வேணாமா?"

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வேண்டும் என்றுதான் நினைத்தேன். நூறு என்று எழுதினேன். சிவப்பு மை விழுந்தது.

அன்று ராத்திரி வீட்டில் அம்மா துவரம் பருப்பை வேக வைத்துக்கொண்டிருந்தார். குக்கரின் மூன்றாவது விசில், நான்காவது விசில். மேட்டுப்பாளையத்தில் இருக்கிற அத்தை வந்தால் எப்போதும் சொல்வார்: "உங்க ஊர்ல பருப்பு வேகவே மாட்டேங்குது, எங்க வீட்ல மூணு விசில்ல மாவா கொழையும்." அம்மா அதற்கு "எங்க ஊர் தண்ணி அப்படி" என்பார். தண்ணீரைக் குறை சொல்லிச் சொல்லியே எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம்!

மறுநாள் அலைடு பிசிக்ஸ் லேபுக்குப் போனேன். அங்கே சுவரில் ஃபோர்டின் காற்றழுத்தமானி ஒன்று தொங்கும். யாரும் தொடமாட்டார்கள், தூசு படிந்திருக்கும். பிசிக்ஸ் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் துணியெடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். "கீழ பாரு, தந்தத்துல ஒரு முனை தெரியுதா? திருகாணியத் திருப்பு." திருப்பினேன். கிண்ணத்துப் பாதரசம் மெல்ல ஏறியது. மேலே இருந்து தொங்கும் முனை, பாதரசத்துக்குள் கீழிருந்து ஏறிவரும் அதன் பிம்பம். இரண்டும் முத்தமிடுகிற மாதிரி தொட வேண்டும். கொஞ்சம் கூடினால் பாதரசத்தில் குழி விழும், திரும்பவும் இறக்க வேண்டும். நாலைந்து முறை கூட்டிக் குறைத்துத் தொட வைத்தேன். அப்புறம் மேலே வெர்னியர் அளவுகோலை நகர்த்திப் பாதரசத்தின் உயரத்தைப் படித்தேன். 58 சென்டிமீட்டர்.

கடல் மட்டத்தில் இது 76 இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். மேடம் இன்னொன்றையும் காட்டினார். சமவெளிக் கல்லூரிகளில் இருக்கும் கருவியில் அளவுகோல் இவ்வளவு கீழே வராது. இது மலைக்கென்று நீளமாக அளவு பொறித்து வாங்கியது. காற்றழுத்தமானி செய்தவனுக்கு ஊட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. எங்கள் ரெக்கார்டுக்குத்தான் தெரியவில்லை.

தண்ணீர் கொதிப்பது என்றால் அதன் ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டுவது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். தலைக்கு மேல் காற்று குறைவு, எட்ட வேண்டிய அழுத்தமும் குறைவு, ஆகவே சீக்கிரமே கொதித்துவிடும். அழுத்தம் மாறினால் கொதிநிலை எவ்வளவு மாறும் என்று சொல்கிற கிளாசியஸ்–கிளாப்பிரான் சமன்பாட்டை வகுப்பில் நடத்தியிருந்தார்கள். பரீட்சைக்கு வரும் என்று ஸ்டார் போட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு பஸ்ஸில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். 58-ஐ 76-ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் −0.27. நீரின் ஆவியாதல் வெப்பம் மோலுக்கு 40.7 கிலோ ஜூல். அதைக் கொண்டு 373.15-இலிருந்து இறங்கினால் 365.6 கெல்வின். 273.15-ஐக் கழித்தால் செல்சியஸில் 92.5.

பஸ் கட்டபெட்டு வளைவில் சாய்ந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி கேரட் மூட்டையோடு என்மேல் சரிந்தார். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரரும் ஜெர்மன்காரரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிவைத்த கோடு, நேற்று எங்கள் குடுவையில் கொதித்த தண்ணீரை அரை டிகிரி பிசகாமல் சொல்கிறது. பென்சில் கோடு காகிதத்தைக் கிழித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

குக்கருக்கும் இதே கணக்குதான். அதன் வெயிட் வெளிக்காற்றுக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைத்தான் கூட்டும். வெளிக்காற்றே குறைவாக இருந்தால் மொத்தமும் குறைவு. கடற்கரை ஊர்க் குக்கருக்குள் இருப்பதைவிட எங்கள் குக்கருக்குள் மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கும். அம்மா கூடுதலாக விடுகிற அந்த ஒரு விசில் அதற்குத்தான். அம்மாவிடம் சொன்னேன். "அதத்தானே நானும் சொன்னேன், எங்க ஊர் தண்ணி அப்படின்னு" என்றார்.

அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, ஃபெர்மென்டிங் பக்கம். வெட்டி நசுக்கிய கொழுந்து பச்சையாக வந்து பரவும். ஒரு மணி நேரத்துக்குள் செம்பு நிறத்துக்குத் திரும்பும். அப்பா ஒரு கைப்பிடி அள்ளி முகர்வார். பச்சை வாடை போய்ப் பழ வாசனை வந்ததும் டிரையருக்கு அனுப்பச் சொல்வார். கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. ஃபெர்மென்டிங் என்று ஊரே சொன்னாலும் அங்கே புளிக்க வைக்கிற கிருமி வேலை எதுவும் நடப்பதில்லை என்று மூன்றாம் வருஷம் படித்தேன். இலையில் இருக்கிற நொதி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு கேட்டசின்களைத் தியாஃபிளேவினாகவும், அதற்கு மேல் போனால் தியாரூபிஜினாகவும் மாற்றுகிறது. தியாஃபிளேவின் தேநீருக்குப் பளிச்சென்ற நிறம் தரும், மற்றது கருஞ்சிவப்பு. டிரையரின் சூட்டில் நொதி செத்துவிடும், மாற்றம் அத்தோடு நிற்கும். இதையெல்லாம் அப்பாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு "சரி, குளிர் நாள்ல ஏன் லேட்டாகுதுன்னு உங்க புக்குல போட்டிருக்கா?" என்றார்.

போட்டிருந்தது. அதை எனக்கு நன்றாகப் புரிய வைத்தது மெத்தில் அசிட்டேட் என்கிற எஸ்டர்.

எஸ்டரை அமிலத்தில் கலந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 5 மி.லி. எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்து, அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீராற்பகுப்பு நடக்க நடக்க அசிட்டிக் அமிலம் கூடும், பியூரெட் அளவும் ஏறும். சமவெளியில் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு மி.லி.யாவது ஏறும். எங்களுக்கு 0.3, 0.4. லேபுக்குள்ளேயே 14 டிகிரி. ஸ்வெட்டருக்கு மேல் லேப் கோட்டு, விரல் நுனி மரத்து பியூரெட் திருகைத் திருப்ப முடியாது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது இரண்டரை மணி நேரம் இழுத்தது. "இந்த ஊர்ல எஸ்டருக்குக்கூட எந்திரிக்க மனசு வரல பாரு" என்றாள் பார்ட்னர். அவளுடைய அப்பா ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஃபேக்டரியில் இருட்டறை வேலை பார்த்தவர். உப்புப் பகுப்பாய்வில் வெள்ளி நைட்ரேட் ஊற்றி வெளிர் மஞ்சளாக வெள்ளி புரோமைடு விழுந்ததும், சோதனைக் குழாயைச் சட்டென்று முந்தானையால் மூடுவாள். வெளிச்சம் பட்டுக் கறுத்துவிடுமாம். "எங்கப்பா இருபது வருஷம் இதப் பகல்ல பார்த்ததே இல்ல" என்பாள்.

அந்த எஸ்டர் சோதனையில் கடைசியாக ஒரு முடிவிலி ரீடிங் எடுக்க வேண்டும். எல்லா எஸ்டரும் உடைந்து முடிந்த பிறகு எடுக்கிற அளவு. சூடாக்கி முடிக்கலாம், இல்லையென்றால் ஓரிரு நாள் மூடி வைத்துவிட்டு எடுக்கலாம். நாங்கள் மூடி வைத்தோம். 2009 நவம்பர். அந்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது. நீலகிரியில் எங்கே பார்த்தாலும் மண்சரிவு, சாலை இருந்த இடத்தில் சேறு, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்கள் லைனுக்குப் பின்னாலிருந்த மேடும் சரிந்தது. ராத்திரியில் எஸ்டேட் ஸ்கூலில் போய்ப் படுத்துக்கொண்டோம். கரண்ட் இல்லை, பஸ் இல்லை. எனக்குக் கல்லூரிக்குத் திரும்பிப் போகவே பத்து நாளுக்கு மேல் ஆனது.

போனால் மேசையில் எங்கள் குடுவை அப்படியே இருந்தது. கார்க்கின் மேல் என் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு. மழையில் ஊறி மை பரவியிருந்தது, ஜன்னல் ஓட்டை வழியே சாரல் அடித்திருக்கும். பார்ட்னர் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒன்றும் பேசாமல் பிப்பெட்டை எடுத்தேன். 54 மி.லி.யை ஒட்டி வந்தது. கணக்குப்படி வர வேண்டிய அளவு. வகுப்பிலேயே எங்கள் முடிவிலிதான் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு யார் எப்போது முடிவிலி என்று சொன்னாலும் எனக்கு ஸ்கூல் தரையில் விரித்த அந்தப் பாய்தான் ஞாபகத்துக்கு வரும்.

கற்பூர மரத் தைலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீலகிரிக்காரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. யூகலிப்டஸைத்தான் எங்கள் பக்கம் கற்பூர மரம் என்போம். சாலையோரக் கொட்டகைகளில் இலையைப் பெரிய கலத்தில் திணித்துத் தண்ணீர் விட்டு அடியில் விறகெரிப்பார்கள். மேலிருந்து குழாய் ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு போய் மறுபக்கம் வெளியே வரும். அங்கே ஒரு கேனில் தண்ணீரும் அதன்மேல் தைலமும் சொட்டும். அந்தத் தைலத்தில் முக்கியமாக இருப்பது சினியோல். அது தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும். விறகடுப்பில் ஒரு பெரியவர் அதை நூறுக்கும் கீழே எப்படி வடிக்கிறார்? தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காது. ஆகவே இரண்டும் தன் தன் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே தரும், இரண்டும் சேர்ந்து வெளிக்காற்றை எட்டினால் போதும். தண்ணீர் கொதிக்க வேண்டிய சூட்டுக்குச் சற்று முன்னாலேயே இரண்டும் கைகோத்துக்கொண்டு கிளம்பிவிடும். கொட்டகைப் பெரியவரிடம் எங்கள் லேப் தெர்மாமீட்டரைக் காட்டி, ஆவியில் ஒருமுறை பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "ஒடஞ்சா பாதரசம் தைலத்துல விழும், போம்மா" என்று விரட்டிவிட்டார். சரியாகத்தான் விரட்டினார்.

ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற முத்தோரைக்கு ரேடியோ தொலைநோக்கி பார்க்க ஒருமுறை கூட்டிப்போனார்கள். அன்றைக்குப் பாதிப் பேருக்குப் பஸ்ஸில் வாந்தி. அதனால் நிறைய சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் மனதில் நின்றது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி முடித்தது. வடக்கு தெற்காகச் சரிந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் படுக்கவைத்திருக்கிறார்கள். சரிவு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் 11-ஐ ஒட்டித்தான். அப்படி வைத்தால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அந்த ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். விளக்கியவர் "இந்தச் சரிவு கிடைச்சதாலதான் இங்க கட்டினாங்க" என்றார். நான் உடனே எங்கள் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் யாருக்கோ எலுமிச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷ பிராக்டிகல் பரீட்சைக்கு எக்ஸ்டர்னல் வந்தார். மஃப்ளர் கட்டியிருந்தார், குளிரில் மூக்கு சிவந்திருந்தது. என் ரெக்கார்டைப் புரட்டினார். 100 இருந்த பக்கத்தை அரை வினாடி பார்த்திருப்பார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நான் உள்ளுக்குள் தயாராக இருந்தேன். கேளுங்கள் சார், தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று ஒரே ஒருமுறை கேளுங்கள். 58 சென்டிமீட்டரும் 365.6-ம் நாக்கு நுனியில் இருந்தன. அவர் "நைட்ரேட்டுக்கு உறுதிச் சோதனை என்ன?" என்றார். பழுப்பு வளையம் என்றேன். "குட்" என்றார். முடிந்தது.

அவர் வந்தது கோவையிலிருந்து. இதன் வேடிக்கை எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. படிப்பு முடிந்து நான் வேலைக்குச் சேர்ந்ததும் கோவையில்தான், தண்ணீர் பரிசோதிக்கிற ஒரு லேபில். ஒருநாள் வேலை குறைவாக இருந்தபோது சும்மா பிடித்துப் பார்த்தேன். 98.6. கோவையும் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கு மேலேதான் இருக்கிறது. அந்த மனிதரும் தன் ஊரில் நூறைப் பார்த்திருக்க மாட்டார்! எழுதச் சொன்னவர், எழுதினவள், பார்த்துவிட்டுப் பக்கம் புரட்டினவர், மூன்று பேருமே பார்க்காத ஒரு நூறு அந்த நோட்டில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் லேபில் இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் பழக்கித் தருகிறேன். பார்த்ததை எழுதாமல் வர வேண்டியதை எழுதுகிற பழக்கம் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிறது. கண்டிக்க வாய் வரும்போதெல்லாம் என் ரெக்கார்டு ஞாபகம் வந்து குரல் பாதியாகிவிடும். திரும்ப எடுக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

சரி, பரண். பிசிக்கல் கெமிஸ்ட்ரி நோட்டையும் அப்சர்வேஷன் நோட்டையும் என் பையில் வைத்துக்கொண்டு மற்றதைப் பழைய பேப்பருக்குக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அம்மா தேத்தண்ணிக்கு உலை வைத்தார். தாத்தா போன பிறகும் எங்கள் வீட்டில் டீ தேத்தண்ணிதான். என் கைப்பையில் லேபின் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், அது எப்போதும் இருக்கும். கேத்தலுக்குள் விட்டுப் பிடித்தேன். 93.6-இல் நின்றது. கோத்தகிரி ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வு, அதனால் ஒரு டிகிரி கூடுதல். சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டு, இன்னொரு ரீடிங் எடுக்கலாம் என்று நின்றேன்.

அம்மா டீத்தூள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் பின்னால் காத்திருந்தார்.

"கொதிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. கேஸு என்ன விலை விக்குதுன்னு தெரியுமா? தள்ளு புள்ள."